சிறுதொழிலுக்குக் கட்டும் மனக்கோயில்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில் ஆவடிக்கு அப்பால் இருக்கின்ற திருநின்றவூரைப் பற்றி இரண்டு கதைகள் சொல்லுவார்கள். ஒன்று, மகாலட்சுமி வைகுண்டத்தில் கோபித்துக்கொண்டு புறப்பட்டு வந்து இவ்வூரில் நின்றுவிட்டாள் என்பது. திரு என்றால் லட்சுமியாம். அவள் நின்றதால் திரு நின்ற ஊராம். பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் அந்த அம்மாளுக்கு என்னைப் பெற்ற தாயார் என்று பெயர். சொத்தையெல்லாம் இழந்துவிட்ட குபேரன்கூட இங்கு வந்து அவளிடம் முறையிட்டுத்தான் இழந்ததைத் திரும்பப் பெற்றான் என்றும் சொல்லுகிறார்கள்.

மற்றொரு கதை பெரியபுராணத்துக் கதை. பூசலார் என்பவர் இவ்வூரில் சிவனுக்கு ஒரு கோயில் கட்ட ஆசைப்பட்டார். பணம் தேடி எங்கெங்கோ அலைந்தார். ஒரு காசும் கிடைக்கவில்லை. உடனே அவர் என்ன செய்தார்? கல்லும் சுண்ணாம்பும் தச்சரும் எல்லாவற்றையும் மனதிலேயே சேர்த்து, மனதிலேயே கோயில் கட்டி, மனதிலேயே கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ ராஜா மெய்யாகவே கல்லால் கட்டிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம். கடவுள் ராஜாவின் கனவில் வந்து, “நாளைக்கு நாம் நின்றவூர்ப் பூசலின் கோயிலுக்குப் போகிறோம், நீ வேறு நாள் வைத்துக்கொள்” என்றாராம். ராஜா பரிவாரத்தோடு திருநின்றவூருக்கு வந்து கோயில் எங்கே என்று கேட்க, கோயிலே இல்லை. விஷயம் தெரிந்தவுடன் பூசலார் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டானாம்.

இந்தக் கதையை பக்தர்கள் கண்ணீர் விட்டுக் கேட்கிறார்கள். நமக்கு ஒரு சந்தேகம். பணமில்லாமல் மனதில் கட்டினான் என்பது கண்ணெதிரே தெரிந்த பிறகும், வந்த ராஜா ஒரு வண்டி செங்கல்லாவது இறக்கிவிட்டுப் போனானா? சேக்கிழார் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. புகழ்ந்தான், விழுந்தான், போனான், அவ்வளவுதான். பூசலாரும் கடைசி வரையில் மனதிலேயே பூசை செய்துகொண்டிருந்தார் என்பதுதான் கதை.

நிற்க. புராணத்தைக் கிளறுவது இன்று நமது நோக்கமல்ல. சிறு தொழில் செய்கின்றவர்களுக்கு சர்க்கார் செய்யும் உதவியைப் பற்றி எழுத உட்கார்ந்தோம். ஆனால் அதை யோசிக்க யோசிக்க இந்த ராஜாவின் நினைவே வருகின்றது.

திருநின்றவூரில் நமக்கு வேண்டிய தோழர் ஒருவர் ஒரு சிறு பட்டறை வைத்திருக்கிறார். மூன்று லேத்து, நான்கு ஆள். தகப்பனார் ஏர் பிடித்தவர். இவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து, அம்பத்தூர்ப் பக்கம் பத்து வருஷம் சம்பளத்துக்கு வேலை செய்து, மிச்சம் பிடித்துத் தானே முதலாளியானவர். முதலாளி என்று சொல்லுகிறோமே தவிர, நான்கு ஆட்களுக்கும் சம்பளம் கொடுத்த பிறகு மீதி இருந்தால்தான் இவருக்குச் சாப்பாடு. சில நாட்களுக்கு முன் அந்தப் பட்டறைக்குப் போயிருந்தோம். வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தது. சுவரில் காலண்டர் லட்சுமி. அவள் கையிலிருந்து தங்கக் காசு கொட்டிக்கொண்டே இருந்தது. வியாபாரம் எப்படி என்று கேட்டோம். மேஜை அறையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துப் போட்டார். எல்லாம் பில். சரக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பரிசோதித்து ஒப்புக்கொண்டும் ஆகிவிட்டது, ஆனால் பணம் வரவில்லை. நான்கு மாதத்து வேலை, மாதத்துக்கு 4 லட்சம் ரூபாய் வீதம் 16 லட்சம் ரூபாய் அந்த மேஜை அறைக்குள் கிடக்கின்றது.

வாசகர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். இந்த மனிதரிடம் பணமில்லை என்பதல்ல இவருடைய கஷ்டம். இவருடைய பணம் இன்னொருவனிடம் இருக்கின்றது என்பதுதான் கஷ்டம். இவரைப் போல நூறு மடங்கு பெரிய கம்பெனிக்கு, வட்டியில்லாமல், பத்திரமில்லாமல், ஈடு இல்லாமல் இவர் 16 லட்சம் ரூபாய் கடன் கொடுத்திருக்கிறார். அந்தப் பள்ளத்தை நிரப்ப பாங்கியில் 100க்கு 12 வட்டிக்குக் கடன் வாங்கினால் வருஷத்துக்கு 1,92,000 ரூபாய், அதாவது மாதம் 16,000 ரூபாய் வட்டி. பாங்கி கைவிட்டால் கடைத்தெருவில் 3 வட்டி. மூன்று லேத்துக்காரன் பெரிய கம்பெனிக்குக் கொடுத்த கடனுக்குத் தானே வட்டியும் கட்டுகிறான்! உலகத்தில் வேறு எந்தக் கடன்காரனுக்காவது இந்த யோகம் உண்டா?

பெரிய கம்பெனிக்காரரும் தமக்கு வரவேண்டியது வந்தால்தானே கொடுக்க முடியும் என்பார்கள். அவர்களுக்கு பாங்கி வாசல் இரவும் பகலும் திறந்திருக்கின்றது. லேத்துக்காரனுக்கு மேல் அவன், அவனுக்கு மேல் இன்னொருவன் என்று ஏணி போட்டு, கடைசிப் படியில் நிற்பவன் தலையில் எல்லாப் பாரத்தையும் இறக்குவதற்கு இது ஒரு நியாயமா?

இப்போது சர்க்கார் சட்டங்களைப் பாருங்கள். 2017 ஜூலை 1 முதல் நடக்கும் ஜி.எஸ்.டி. முறையில், நமது தோழர் பில் எழுதினால் அதற்கான வரியை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். கம்பெனி பணம் கொடுக்கவில்லையே என்று சொன்னால் சர்க்கார் காதில் விழாது. அதே பில்லைக் காட்டி அந்தக் கம்பெனி தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். பணம் கொடுக்காமலே கழித்துக்கொள்ளலாம்! 180 நாள் வரையில் கொடுக்காவிட்டால்தான் கழித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது சட்டம். கொடுத்தவனுக்கு ஒரு மாதம், கொடுக்காதவனுக்கு ஆறு மாதம்.

பாங்கியோ, 90 நாள் தவணை தவறினால் கணக்கை வாராக்கடன் என்று எழுதிவிடும். 2002ஆம் வருஷத்துச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டுக்குப் போகாமலே ஈடு வைத்த வீட்டையும் யந்திரத்தையும் கைப்பற்றலாம். ஆகவே 120 நாளுக்குப் பணம் கொடுக்கும் கம்பெனிக்கு வேலை செய்பவன், தன்மேல் ஒரு குற்றமும் இல்லாமலே 90ஆம் நாளில் மோசக்காரன் பட்டியலில் ஏறிவிடுகிறான். அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்த கம்பெனிக்கோ பாங்கிக்காரர் காப்பி வாங்கிக் கொடுத்து இன்னும் கடன் வேண்டுமா என்று கேட்கிறார்.

இதற்கு சர்க்கார் சொல்லும் பரிகாரம் என்ன? கடன் கொடுக்கிறோம், இன்னும் கடன் கொடுக்கிறோம் என்பதுதான். 2015 ஏப்ரலில் முத்ரா வந்தது. 50,000 ரூபாய் வரை ஒரு பெயர், 5 லட்சம் வரை ஒரு பெயர், 10 லட்சம் வரை ஒரு பெயர் என்று மூன்று பெயர் வைத்து, 2024இல் 20 லட்சத்துக்கு நான்காவது பெயரும் வைத்தார்கள். ஈடு இல்லாதவர்களுக்காக 2000ஆம் வருஷத்தில் மத்திய சர்க்காரும் சிறுதொழில் பாங்கியும் சேர்ந்து ஜாமீன் நிதி ஒன்று ஏற்படுத்தின. 10 லட்சம் வரை ஈடே கேட்கக்கூடாது என்று ரிசர்வ் பாங்கு 2010இல் கட்டளையிட்டது. நமது மாகாண சர்க்காரும் 2012இல் புதிய தொழில்முனைவோர் திட்டம், 2023இல் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்காக 100க்கு 35 பங்கு மானியத்தோடு அண்ணல் அம்பேத்கர் பெயரில் ஒரு திட்டம் என்று நடத்தி வந்திருக்கின்றது. இவற்றை நாம் இகழவில்லை. பாட்டன் பூட்டன் காலத்து நிலம் இல்லாதவனுக்கு ஈடு ஏது? பட்டா இருப்பவனுக்கே பணம் என்றால், சேரியில் பிறந்தவன் என்றைக்கும் கூலிக்காரனாகவே இருக்க வேண்டியதுதான். ஆகவே ஈடு கேட்காதே என்று சொன்னது நியாயமே. கட்டளை இருந்தும் “சொத்துப் பத்திரம் இருக்கிறதா?” என்று முதல் கேள்வி கேட்கும் பாங்கி மானேஜர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இன்று விட்டுவிடுகிறோம்.

தொழிலுக்கு சர்க்கார் கைகொடுப்பது இந்த மாகாணத்துக்குப் புதிதும் அல்ல. 1908இல் சென்னையில் தொழில் இலாகா ஏற்படுத்தி, சாட்டர்ட்டன் என்ற அதிகாரி அலுமினியப் பாத்திரம், குரோம் தோல் முதலிய தொழில்களை சர்க்கார் செலவில் நடத்திக் காட்டினார். ஐரோப்பிய வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். 1910இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு அது கூடாது என்று உத்தரவிட்டார். பின்னர் ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபைக் காலத்தில், 1922இல், தொழில்களுக்கு சர்க்கார் உதவிச் சட்டம் வந்தது. சுயராஜ்யம் வந்த பிறகு 1958இல் கிண்டியிலும், அதன் பின் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் ஏற்பட்டன. அம்பத்தூர்ப் பேட்டை இல்லாவிட்டால் நமது தோழரைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்கள் இன்னும் ஏர் பிடித்துக்கொண்டோ, பண்ணை வாசலில் நின்றுகொண்டோ இருந்திருப்பார்கள். சர்க்கார் உதவியே வேண்டாம் என்று சொல்பவர்கள் மார்லி பிரபுவின் வாரிசுகள்.

ஆனால் நாம் சொல்வது வேறு. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறவன் ஊற்றுகிற தண்ணீரின் அளவைச் சொல்லிப் பெருமைப்படலாமா? முதலில் ஓட்டையை அடைக்க வேண்டாமா? வரவேண்டிய 16 லட்சம் வந்துவிட்டால் நமது தோழருக்கு எந்தத் திட்டமும் வேண்டியதில்லை. அது வராதவரையில் அவருக்குக் கிடைக்கும் கடனெல்லாம் உண்மையில் யாருக்குப் போகின்றது? அவர் கை வழியாக அந்தப் பெரிய கம்பெனிக்கே போகின்றது. சிறுவன் பேரால் சர்க்கார் ஜாமீன் நிற்கிறது. பெரியவன் வட்டியில்லாமல் அனுபவிக்கிறான்.

“சட்டம் இல்லையா?” என்று கேட்பீர்கள். நல்ல சட்டமே இருக்கின்றது. 2006ஆம் வருஷத்துச் சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டம் சொல்லுவதைக் கேளுங்கள். குறுந்தொழில் செய்பவனிடமோ சிறுதொழில் செய்பவனிடமோ சரக்கு வாங்கியவன் ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக்கூடாது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் பாங்கின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதத்துக்கு மாதம் கூட்டு வட்டி. அந்த விகிதம் 100க்கு 6 என்று வைத்துக்கொண்டால் 18 ஆகிறது. புகாரை விசாரிக்க மாகாணந்தோறும் சபை. 90 நாளில் தீர்க்க வேண்டும் என்றும் சட்டம் சொல்லிற்று. தீர்ப்பை எதிர்த்து கோர்ட்டுக்குப் போகின்ற கம்பெனி 100க்கு 75 பங்கைக் கட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். 2017இல் சமாதான் என்று பெயர் வைத்து வீட்டிலிருந்தே புகார் எழுதும் வசதியும் செய்தார்கள். 2019 முதல், 45 நாள் தாண்டிய பாக்கியை கம்பெனிகள் தாங்களே ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்க்காருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று.

சட்டம் இவ்வளவு அழகாக இருக்க, பில் ஏன் மேஜை அறையில் கிடக்கின்றது? நமது தோழரைக் கேட்டோம். அவர் சிரித்தார். “புகார் எழுதினால் பழைய பணம் வரலாம், அடுத்த மாதத்து ஆர்டர் வருமா? என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் இன்னொரு லேத்துக்காரன் காத்துக்கொண்டிருக்கிறானே” என்றார். பர்ச்சேஸ் ஆபீசர் அறைக்கு வெளியே காலை பத்து மணியிலிருந்து நிற்பாராம். “சார், சார்” என்று பின்னாலே போவாராம். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி வேறு. யார் பணத்துக்கு? தன் பணத்துக்கு! கடன் கொடுத்தவன் கைகட்டி நிற்கிறான், கடன்பட்டவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அடுத்த வாரம் வா என்கிறான். ஜாதியின் பேரால் நம் மக்கள் வாசலில் நிற்பதை எதிர்த்து வந்திருக்கின்ற நாம், பில்லின் பேரால் நிற்பதை மட்டும் வியாபார வழக்கம் என்று விட்டுவிடுவதா? எந்த வாசலில் நின்றாலும் நிற்கும் முதுகு ஒன்றுதானே?

அடிபட்டவன்தான் புகார் சொல்ல வேண்டும், சொன்னால் அவன் பிழைப்புப் போகும் என்று இருக்கின்ற சட்டம் பூசலார் கோயிலேயன்றி வேறென்ன? தூண் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. உள்ளே போய் நிற்கத்தான் இடமில்லை.

சர்க்காருக்கு இது தெரியாமலும் இல்லை. 2023இல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்து, 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். சிறியவனுக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காத கம்பெனி, கொடுத்து முடிக்கும் வரையில் அதைச் செலவு என்று கணக்கில் எழுத முடியாது என்பதே அது. நல்ல பிடி. பிடித்தவுடனே என்ன ஆயிற்று? தள்ளிவையுங்கள் என்று வியாபாரிகள் சங்கங்களே விண்ணப்பம் போட்டன. பதிவை ரத்து செய்துகொண்டு வந்தால்தான் ஆர்டர் என்று வாங்குகிறவர்கள் மிரட்டுவதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அந்தத் திருத்தத்திற்குப் பல் இருந்தது என்பதற்கு இந்தக் கூச்சலே சாட்சி.

ஆகவே நாம் கேட்பது புதிய திட்டமோ புதிய பெயரோ அல்ல. ஒரு எண்ணை மாற்றச் சொல்லுகிறோம். பணம் கொடுக்காமல் ஜி.எஸ்.டி. வரியைக் கழித்துக்கொள்ள விட்டிருக்கும் அந்த 180 நாளை, சிறியவனிடம் வாங்கின சரக்குக்கு மட்டுமாவது 45 நாள் என்று ஆக்கட்டும். எந்தத் தேதியில் யார் யாருக்கு பில் எழுதினார் என்பது இன்று சர்க்காருக்கு எழுத்துக்கு எழுத்து தெரியும். லேத்துக்காரன் புகார் எழுத வேண்டாம், பெயரைச் சொல்ல வேண்டாம், ஆபீசரைப் பகைக்க வேண்டாம். 46ஆம் நாள் காலையில் கம்பெனியின் வரிக்கணக்கே அவனுக்காகப் பேசும். மேலும், ஒப்புக்கொண்ட பில்லின் பணம் வராததால் தவணை தவறிய சிறியவனை 90 நாளில் வாராக்கடன்காரன் என்று எழுதக்கூடாது. வேண்டுமானால் அந்தப் பில்லைத் தரவேண்டியவனிடம் பாங்கி கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். வசூல் செய்வதில் பாங்கிக்கு இருக்கும் சாமர்த்தியம் லேத்துக்காரனுக்கு ஏது?

இதையெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குச் சொல்லுமுன் சர்க்கார் தன் முதுகையும் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். சமாதானில் வந்த புகார்களை வகை பிரித்துப் போடும்போது மத்திய சர்க்கார் இலாகா, மாகாண சர்க்கார் இலாகா, சர்க்கார் கம்பெனி என்று தனித்தனிக் கட்டமே போடவேண்டியிருக்கின்றது. ஐரோப்பிய நாடுகளுக்கு 2011இல் செய்த விதியில், வியாபாரிக்கு வியாபாரி 60 நாள் என்றும், சர்க்கார் ஸ்தாபனமானால் பொதுவாக 30 நாளில் கொடுத்தாக வேண்டும் என்றும் வைத்தார்கள். வரி வாங்குகிறவன் முதலில் யோக்கியனாக இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நமது தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. லட்சுமி நின்ற ஊர் என்பதால் பணம் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். இவ்வூர்த் தாயாரிடம் இழந்ததைப் பெற்றதாகச் சொல்லும் குபேரனின் மற்றொரு கணக்கையும் பாருங்கள். திருப்பதி வெங்கடாசலபதி கலியாணத்துக்காக அவனிடம் கடன் வாங்கினார், வட்டியே இன்னும் கட்டி முடியவில்லை, கலியுகம் முடியும்வரை கட்டிக்கொண்டுதான் இருப்பார் என்று பக்தர்களே சொல்லி உண்டியலில் போடுகிறார்கள். கலியுகத்துக்கும் கெடு கேட்ட கடன்காரரிடம் போய், “என் பில் 120 நாளாகிறது சாமி” என்று முறையிட்டால் அவர் யார் கட்சியில் இருப்பார்?

அதைவிட, உத்யம் பதிவை முதலில் செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்பவன் தரகன். சரக்கு அனுப்பிய பிறகு பதிந்தால் உரிமை உண்டா இல்லையா என்று வக்கீல்கள் வழக்காடுவார்கள். ஆகையால் அனுப்புமுன் பதியுங்கள். பில்லிலே பதிவு எண்ணையும் 45 நாள் கெடுவையும் அச்சடியுங்கள். சாமானை வாங்கி அப்படியே விற்கின்ற கடைக்காரருக்கு இந்தச் சட்டம் உதவாது. செய்து கொடுப்பவனுக்கும் ஊழியம் செய்பவனுக்கும்தான். தனியாகப் புகார் கொடுக்கப் பயமாக இருந்தால், மூன்றாவது வீட்டு லேத்துக்காரனைப் போட்டிக்காரன் என்று பார்ப்பதை விட்டு அவனையும் கூப்பிடுங்கள். அவன் மேஜை அறையிலும் ஒரு கட்டு இருக்கும். ஆவடியிலும் பட்டாபிராமிலும் திருமுல்லைவாயலிலும் இருப்பவர்கள் ஒரே சங்கமாகச் சேர்ந்து, 45 நாளுக்கு மேல் யாருக்கும் கடன் இல்லை என்று ஒரே நாளில் சொன்னால், எந்த பர்ச்சேஸ் ஆபீசர் எத்தனை பேரை மாற்றுவார்?

ஆயுத பூசை வருகின்றது. பட்டறைக்குப் பட்டறை பூசணிக்காய் வாங்கி, குங்குமம் தடவி, நடுத்தெருவில் உடைத்து, போகிற வருகிற சைக்கிள்காரனைச் சறுக்கி விழச் செய்வார்கள். எப்படியும் அன்றைக்கு யந்திரம் ஓடாது, வேலையும் இல்லை. அன்று காலையில் மேஜை அறையைத் திறந்து, பில்களைத் தேதி வாரியாக அடுக்கி, 45 நாள் தாண்டினதெல்லாம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பக்கத்துப் பட்டறைக்காரரையும் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, காக்களூரில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கு நாற்பது ஐம்பது பேராகப் போய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.